சேலத்திலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

சேலத்தில் பயண முகவராக இருக்கும் எனக்கு வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் முதன்முறையாக வெளிநாடு போகும் குடும்பங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்துபவர், அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி என்று பலரும் வருகிறார்கள். கைபேசியில் பார்த்த ஒரு டிக்கெட் விலையைச் சொல்லி, "இதே விலைக்குப் போட்டுத் தருவீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்த விலை ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையம் வரைக்குமானது. நமக்கோ ஊரில் வெளிநாட்டு விமானம் கிடையாது. கோவை, திருச்சி, பெங்களூரு, சென்னை என்ற நான்கு விமான நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறோம். ஆகவே சேலத்துக்காரர் தன் வீட்டு வாசலில் கணக்கைத் தொடங்கி, திரும்பி வந்து அதே வாசலில் முடிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியவைதான். வரிசையும் முக்கியம். ஊரைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் எடுத்த பிறகு பாஸ்போர்ட்டைத் தேடுபவர்கள்தான் அதிகமாகப் பணம் இழக்கிறார்கள்.

முதல் படி: பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வையுங்கள்

குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வைத்து முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகள், நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பெரியவர்களுக்கு 10 ஆண்டு என்பது நினைவிருக்கும். சிறு குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு 5 ஆண்டுதான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி மூவருடையதும் சரியாக இருந்து, கடைக்குட்டியின் பாஸ்போர்ட் மட்டும் காலாவதியாகியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது என்றாலும், முன்பதிவு நாள், காவல்துறை விசாரணை, தபாலில் வந்து சேரும் காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் பயணத் தேதியைத் தொட வேண்டும்.

அடுத்தது பெயர். இதைப் பொறுமையாகப் படியுங்கள், தமிழ்க் குடும்பங்களை இவ்வளவு அலைக்கழிக்கும் விஷயம் வேறில்லை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த முதலெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். கந்தசாமி மகன் முருகேசன் என்றால், சிலருடைய பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் கந்தசாமியும் 'கிவன் நேம்' கட்டத்தில் முருகேசனும் இருக்கும். சிலருக்கு இரண்டு பெயரும் 'கிவன் நேம்' கட்டத்திலேயே இருக்கும், 'சர்நேம்' காலி. இன்னும் சிலருக்கு முருகேசன் என்ற ஒரு பெயர் மட்டுமே இருக்கும்.

'சர்நேம்' காலியாக இருப்பவர்களுக்கு டிக்கெட் போடும்போது விமான நிறுவனத்தின் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி நிற்கும். ஒரு நிறுவனம் 'கிவன் நேம்' பெயரையே அங்கும் திரும்ப எழுதச் சொல்கிறது, இன்னொன்று 'எல்என்யு' (கடைசிப் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்கிறது. ஒன்றின் வழக்கம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எந்த நிறுவனத்தில் போகிறீர்களோ அதன் விதியைப் பார்த்த பிறகே பெயரை நிரப்புங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் வந்தது. துபாய் போக நினைக்கும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் இதை முகவரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: தந்தை பெயரை 'சர்நேம்' கட்டத்திலும் குழந்தையின் பெயரை 'கிவன் நேம்' கட்டத்திலும் எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை படிக்கப் போகும்போதும் இது உதவும்.

முகவரிடம் பெயர்களை வாய்மொழியாகவோ துண்டுச் சீட்டிலோ கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் முன்பக்கப் படத்தைக் கொடுங்கள். நகல் டிக்கெட் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டும் பெயர்ப் பிழையைக் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதி. அந்த அவகாசத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த விமான நிலையம்?

இங்கேதான் பயணத்தின் பாதிச் செலவும் முக்கால்வாசிக் களைப்பும் தீர்மானமாகின்றன.

கோவை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாக வழி முழுவதும் நல்ல சாலை. விமான நிலையம் ஊருக்கு நமது பக்கத்திலேயே அவிநாசி சாலையில் இருப்பதால் கோவை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. சேலத்துக்காரருக்கு இது பெரிய வசதி. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு. சேவை எண்ணிக்கை குறைவு, அதனால் விடுமுறை நாட்களில் விலை சட்டென்று ஏறிவிடும்.

திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று நினைத்துக் கிளம்புவோம். நாமக்கல் தாண்டித் தொட்டியம், முசிறி வழியாகப் போனால் ஊர்களுக்குள் புகுந்து போகும் சாலை. விமான நிலையம் திருச்சிக்கு மறுபக்கம், புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. எனவே நேரக் கணக்கில் கோவைக்கும் திருச்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு என்றால் திருச்சியைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமானது, முதியவர்களை அழைத்துப் போக வசதியானது.

பெங்களூருவில் விமானங்கள் ஏராளம், விலையும் பல நாட்களில் குறைவு. விலையை மட்டும் பார்த்து அங்கே போகிறவர்கள் மூன்று இடங்களை மறந்துவிடுகிறார்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுவிடும். அதைத் தாண்டினால் ஓசூரிலிருந்து பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு வரை நெரிசல். அதன் பிறகும் ஊர் முழுவதையும் குறுக்கே கடந்து வடக்கே விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போக வேண்டும். தலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் என்பதற்காக நான் யாரையும் பெங்களூருக்கு அனுப்புவதில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து மிச்சமாகும் தொகையிலிருந்து போக வர வாகன வாடகை, சுங்கக் கட்டணம், வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் கழியுங்கள். அதன் பிறகும் மனத்துக்குப் பிடித்த தொகை மிஞ்சினால் போகலாம். ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களுக்கு வேறு கணக்கு, அவர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூருவும் சென்னையும்தான் வழி.

சென்னை தொலைவு என்று தோன்றும். ஆனால் சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயிலில் படுத்துக்கொண்டே போய்த் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். பகல் விமானம் பிடிக்கும் இளைஞர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பெட்டிகள் நிறைய உள்ள குடும்பங்களுக்கு இது சரிவராது.

நம் ஊர் காமலாபுரம் விமான நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2023 அக்டோபரில் சேவை மறுபடியும் தொடங்கியபோது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏடிஆர் ரகச் சிறிய விமானங்கள்தான் வருகின்றன. இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க நினைத்தால் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால், சேலத்து விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் இல்லை. தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: நாடும் தேதியும் விசாவும்

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மூன்று: மே மாதம், செப்டம்பர் இறுதியில் காலாண்டு, டிசம்பர் இறுதியில் அரையாண்டு. காலாண்டு விடுமுறையில் சிங்கப்பூர் கேட்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கார் பந்தயத் தேதி. ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் செப்டம்பர் பிற்பாதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அந்த வாரம் ஓட்டல் விலை கண்ணைக் கட்டும். சீனப் புத்தாண்டு நாட்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல கடைகள் மூடியிருக்கும். பத்துமலைக்குத் தைப்பூசத்தன்று போவது சிலருக்கு வாழ்நாள் ஆசை. அவர்கள் அந்தக் கூட்டத்துக்கு மனத்தையும் உடலையும் தயாராக வைத்துக்கொண்டு போகட்டும். மற்றவர்கள் முன்பின் தேதியில் போனால் படியேறி நிம்மதியாகக் கும்பிட்டு வரலாம்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தந்து நீட்டித்து வருகிறது. இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை. பணம் கட்டும் அன்று ஒருமுறையும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறையும் அந்த நாட்டின் அரசுத் தளத்திலேயே சரிபாருங்கள். விசா இல்லாவிட்டாலும் வருகைப் படிவம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா இரண்டும் இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன, தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அப்படித்தான். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றுமே இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல, உடனே வெளியேறுங்கள்.

நான்காம் படி: டிக்கெட்

ஐந்து பேருக்குத் தேடும்போது காட்டும் விலை சில நேரம் ஒருவருக்குத் தேடும்போது காட்டுவதைவிடத் தலைக்கு அதிகமாக இருக்கும். காரணம் இதுதான்: ஒரே விமானத்தில் இருக்கைகள் பல விலைப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அடிமட்ட விலையில் மூன்று இருக்கைதான் மீதம் என்றால், ஐந்து பேருக்குக் கேட்கும்போது ஐவருக்குமே அடுத்த படியின் விலை விழும். மூன்றாகவும் இரண்டாகவும் பிரித்து எடுத்தால் பணம் மிச்சமாகும். ஆனால் பிரித்தால் இரண்டு பிஎன்ஆர் ஆகிவிடும். விமான நேரம் மாறி நிறுவனம் பயணிகளை வேறு விமானத்துக்கு மாற்றும்போது ஒரு பாதி ஒன்றிலும் மறுபாதி வேறொன்றிலும் போக நேரலாம். பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்தில் பிரிப்பேன். குழந்தைகள் இருந்தால் பிரிக்க மாட்டேன், எவ்வளவு மிச்சமானாலும் சரி.

மலிவுக் கட்டண நிறுவனங்களில் டிக்கெட் விலை என்பது இருக்கைக்கு மட்டும்தான். பெட்டிக்குத் தனியாக, சாப்பாட்டுக்குத் தனியாக, சேர்ந்து உட்காரத் தனியாகக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, உணவும் பெட்டியும் உள்ளடங்கிய நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் விலை பல மடங்கு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் வரலாம். பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிறைந்தால் திரும்பும்போது இருக்கை வாங்கியாக வேண்டும்.

இனி நள்ளிரவு டிக்கெட். கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவையொட்டித்தான் கிளம்புகின்றன. '15ஆம் தேதி 00:35' என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி மாலையே சேலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அம்மாபேட்டையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இணையத்தில் தாங்களே டிக்கெட் எடுத்து, 15ஆம் தேதி இரவு பெட்டிகளோடு கோவை போய் நின்றது. விமானம் முந்தைய நள்ளிரவே போய்விட்டது. அந்த வீட்டுப் பாட்டி புதுச் சேலையோடு விமான நிலைய வாசலில் உட்கார்ந்திருந்த படத்தை மறுநாள் மகன் எனக்குக் காட்டினார். அதன் பிறகு, நான் கொடுக்கும் ஒவ்வொரு டிக்கெட்டின் மேலேயும் சிவப்பு மையில் தமிழில் எழுதித் தருகிறேன்: "14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்." உங்கள் முகவர் எழுதித் தராவிட்டால் நீங்களே எழுதி நாட்காட்டியில் ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டல்

ஏற்காட்டில் 'ஏரி தெரியும் அறை' என்று பதிவு செய்துவிட்டு, பால்கனியின் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் மட்டும் ஏரி தெரியும் அறையில் தங்கியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலும் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதலில் அறையின் சதுர அடியைப் பாருங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கத்து மலிவு விடுதிகளில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. விவரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்காது, விடிந்ததா என்பதே தெரியாது. இரண்டு இரவுக்கு இளைஞர்கள் சமாளிப்பார்கள். வயதானவர்களுக்கு வேண்டாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரே அறையில் பாய் விரித்து நான்கு, ஐந்து பேர் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே பதிவில் உள்ள ஆட்களுக்கு மேல் ஒருவரைக்கூட அனுமதிப்பதில்லை, குழந்தையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளின் வயதைச் சரியாகச் சொல்லியே பதிவு செய்யுங்கள். பொதுவாக அறை கிடைப்பது பிற்பகல் 2, 3 மணிக்குத்தான். அதிகாலையில் இறங்குபவர்கள் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே போகத் திட்டமிட வேண்டும், அல்லது முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். முதியவர்கள் இருந்தால் இரண்டாவதைத்தான் சொல்வேன். மெட்ரோ நிலையத்திலிருந்து நடை தூரம், பக்கத்தில் சைவ உணவகம் இவை இரண்டும் நீச்சல் குளத்தைவிட நம் குடும்பங்களுக்கு முக்கியம். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியை நான் பரிந்துரைப்பது இதற்காகவே.

முன்கூட்டியே முழுத் தொகை கட்டியிருந்தாலும் அங்கே கட்ட வேண்டியவை சில உண்டு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, துபாயில் ஓட்டலின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம். பல ஓட்டல்களில் முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள்.

ஆறாம் படி: பணம், ரசீது, காப்பீடு

விமான நிறுவனங்கள் முகவர்களுக்குத் தந்த கமிஷன் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே முகவர் சேவைக் கட்டணம் வாங்குவது நியாயம். அதைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பதும் நியாயம். வெளிநாட்டுத் தொகுப்புப் பயணத்துக்கு டிசிஎஸ் வரி (பணம் வாங்கும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்கள் பான் எண்ணில் வரவாகும் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், எனவே யாருடைய பான் எண் என்பதை யோசித்துக் கொடுங்கள். காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. டிக்கெட் பதிவில் இருப்பது உங்கள் கைபேசி எண்ணா, முகவரின் எண்ணா என்று கேளுங்கள். விமான நேரம் மாறினால் தகவல் அந்த எண்ணுக்குத்தான் போகும். பிஎன்ஆரை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். நல்ல முகவர் இதற்கு வருத்தப்பட மாட்டார்.

ஏழாம் படி: பெட்டி

இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் இல்லாமல் நம்மவர்கள் கிளம்புவதில்லை, அதில் தவறும் இல்லை. புளிக்காய்ச்சல், ஊறுகாய், நெய் மூன்றும் சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் கூடாது. பவர் பேங்க் அதற்கு நேர்மாறு: கைப்பையில் மட்டுமே. கசகசாவை எந்தப் பையிலும் வைக்காதீர்கள். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது போதைப் பொருள் சட்டத்தில் சிக்க வைக்கும், வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும்கூட. காய்ந்த கொப்பரையையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மாம்பழப் பருவத்தில் உறவினருக்கு ஒரு பெட்டி மல்கோவா எடுத்துப்போக ஆசைப்படுவார்கள். பழம், காய்களுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு, அந்த நாட்டு விதியைப் பார்த்த பிறகே பேசுங்கள். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அமீரகம் போகிறவர்கள் வலி மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் அங்கே அனுமதி உண்டா என்று சரிபார்க்க வேண்டும்.

எட்டாம் படி: கிளம்பும் நாள்

பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கோவையில் இரவு 11:30 மணிக்கு விமானம் என்றால் 8:30க்கு அங்கே இருக்க வேண்டும். பயணம் 3 மணி நேரம். வைகுந்தம், விஜயமங்கலம் சுங்கச்சாவடிகளில் வார இறுதி வரிசை, பெருந்துறைப் பக்கம் ஒரு சாப்பாடு என்று மேலும் ஒரு மணி நேரம். ஆக 4:30க்கு வண்டி வாசலில் இருக்க வேண்டும். வாகன ஓட்டுநரிடம் 4 மணி என்றே சொல்லுங்கள். திரும்பி வரும் நாளுக்கும் வண்டியை இப்போதே உறுதி செய்யுங்கள். இரவு விமானத்தில் வந்து இறங்குவீர்கள் என்றால், ஓட்டுநர் அன்று பகலில் வேறு சவாரி போகாமல் தூங்கியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலைச் சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

பயணம் ரத்தானால்

உடல்நலம், துக்கம், தேர்வு என்று எதற்காகவும் ரத்தாகலாம். மலிவு டிக்கெட்டில் எதுவும் திரும்பாது என்று சொல்லிவிட்டால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சலுகைக் கட்டண டிக்கெட்டானாலும், விமானத்துக்கே போகாமல் விட்டிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. எழுத்து மூலமாகக் கேளுங்கள், டிக்கெட்டில் வரி விவரம் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஓட்டல் பதிவில் 'இலவச ரத்து' என்று ஒரு தேதி இருக்கும், அது ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. கடைசி நாள் இரவு பத்து மணிக்குச் சேலத்தில் உட்கார்ந்து ரத்து செய்தால் அங்கே தேதி மாறியிருக்கும். முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.